வெள்ளை நிலமும் வெள்ளைப் பொன்னும்

உப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவது கடற்கரையும் அதன் ஓரத்துப் பாத்திகளுந்தான். ஆனால் பூமியின் மறுபுறத்திலே, கடலுக்கும் தனக்கும் நடுவில் மலைத்தொடரைச் சுவராக எழுப்பிக்கொண்டு, வானத்துக்கு அருகில் ஓர் உப்பு நிலம் பரந்து கிடக்கிறது. தென் அமெரிக்காவில், அர்ஜென்டினா தேசத்தின் வடமேற்கு மூலையில் உள்ள அந்த நிலத்துக்குச் சலினாஸ் கிராந்தெஸ் என்று பெயர். ஸ்பானிஷ் பாஷையில் ‘பெரிய உப்பளங்கள்’ என்பது அதன் பொருள். இந்த வாரம் வாசகர்களை அவ்விடத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். உலகமெங்கும் ஓடத் தொடங்கியிருக்கும் மின்சார மோட்டார் வண்டிகளுக்கும், அந்த உப்பு நிலத்தின் ஓரத்தில் லாமா மேய்த்துப் பிழைக்கும் எளிய ஜனங்களுக்கும் இடையே அங்கே ஒரு வழக்கு நடந்து வருகிறது. அந்த வழக்கில் நம் தேசத்துக்கும் இப்போது ஒருவகைச் சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது. அது எவ்விதம் என்பதைப் பிரயாணத்தின் முடிவில் சொல்லுகிறோம்.

மலை ஏறும் வழி

தலைநகரான போனஸ் அயர்ஸிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் வடமேற்கே சென்றால் ஹுஹுய் மாகாணத்தை அடையலாம். மாகாணத் தலைநகரிலிருந்து வடக்கே போகும் சாலை, உமாஹுவாக்கா என்னும் நீண்ட மலைப்பள்ளத்தாக்கினுள் நுழைகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் நடந்து தேய்த்த வழி அது. ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனமாகிய யுனெஸ்கோ 2003-ஆம் ஆண்டில் அதனை உலகப் பாரம்பரியச் சொத்துக்களில் ஒன்றாகச் சேர்த்தது.

அப்பள்ளத்தாக்கிலிருந்து மேற்கே பிரியும் கிளையில் புர்மாமார்க்கா என்ற சிறு கிராமம் இருக்கிறது. பச்சை மண்கல் வைத்துக் கட்டிய வீடுகள்; கம்பளங்களும் போர்வைகளும் பரப்பிய கடைவீதி; கிராமத்தின் முதுகுப்புறத்தில் செம்மை, ஊதா, மஞ்சள், பச்சை என்று பட்டை பட்டையாய் நிறம் காட்டும் ஒரு குன்று. ‘ஏழு நிறக் குன்று’ என்றே அதற்குப் பெயர். பார்க்கிறவர்கள் அதைச் சித்திரக்காரன் தீட்டிய திரை என்று எண்ணி மயங்கினால் அதிசயமில்லை.

புர்மாமார்க்காவைத் தாண்டியதும் 52-ஆம் எண் சாலை மலைமேல் ஏறத் தொடங்குகிறது. பாம்பு புரளுவதுபோல் வளைவுக்குமேல் வளைவு. ஆள் உயரத்தை மிஞ்சி நிற்கும் கள்ளி மரங்கள் கொஞ்சதூரம் துணை வருகின்றன. பிறகு அவையும் நின்றுவிடுகின்றன. கணவாயின் உச்சி 4,170 மீட்டர் உயரம். அங்கே வண்டியை விட்டு இறங்கி நான்கு அடி வேகமாக நடந்தால் நெஞ்சு படபடக்கும், தலை கனக்கும். மலைவாசிகள் இதற்குக் கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக் கொள்ளுகிறார்கள். கீழ்நாட்டிலிருந்து வரும் யாத்ரிகர்களுக்கும் அதையே உபதேசிக்கிறார்கள்.

உச்சியைக் கடந்து மறுபக்கம் இறங்கும்போதுதான், தூரத்தில், பழுப்புநிற மலைகளின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு தென்படுகிறது. முதலில் மேகம் என்று தோன்றும். கிட்டப் போகப் போக அது விரிந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லாத தரையாகிவிடுகிறது. சலினாஸ் கிராந்தெஸ் அதுவே. உயரம் ஏறத்தாழ 3,400 மீட்டர். பரப்பு 200 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஹுஹுய், சால்ட்டா ஆகிய இரு மாகாணங்களிலும் அது கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

உப்பை வளர்ப்பவர்கள்

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? சுற்றிலும் மலைகள், நடுவில் பள்ளம். மலைகளிலிருந்து இறங்கும் நீருக்குக் கடலை அடைய வழியில்லை. வழியில்லாத நீர் பள்ளத்தில் தேங்கி, வெயிலிலும் காற்றிலும் வற்றி, தான் கரைத்துக் கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. மிக நீண்ட காலமாக இந்தக் காரியம் நடந்துவருகிறது. கோடைகாலத்தில் - அங்கே கோடையென்பது டிசம்பர் முதல் மார்ச் வரையில் - மழை பெய்து உப்பின்மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கும். அப்போது வானமும் மேகமும் காலடியில் தெரியும். மழை ஓய்ந்து நீர் வற்றியதும், தரை ஐங்கோணமும் அறுகோணமுமாய்ப் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும்.

சாலையோரத்தில் உப்பு எடுக்கும் தொழிலாளரைக் காணலாம். வெள்ளைத் தரையிலிருந்து திரும்பி அடிக்கும் வெயில் கண்ணைக் கெடுத்துவிடுமாதலால், முகத்தைத் துணியால் மூடிக் கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறார்கள். உப்புத் தரையில் நீள்சதுரமாகக் குழிகளை வெட்டுகிறார்கள். அடியிலிருந்து தெளிந்த நீலநிற உப்புநீர் ஊறி நிரம்புகிறது. மாதங்கள் சென்றபின் குழியில் புதிய வெள்ளை உப்பு படிந்திருக்கும்; அதை வாரி எடுத்துக் குவிக்கிறார்கள். பழைய நாளில் கோடரியால் உப்பைப் பாளமாக வெட்டி, லாமாக்களின் முதுகில் ஏற்றி, பல நாள் நடந்து கீழ்ப் பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டுபோய்ச் சோளத்துக்கும் பழத்துக்கும் பண்டமாற்றுச் செய்து வந்தார்கள்.

இவர்கள் கொல்யா, அதகாமா என்னும் ஆதிக்குடிகளைச் சேர்ந்தவர்கள். நிலத்தை அவர்கள் ‘பச்சமாமா’ என்று அழைக்கிறார்கள். பூமித்தாய் என்று சொன்னால் நமக்கு விளங்கிவிடும். ஆகஸ்டு மாதம் முதல் தேதியன்று பூமியில் ஒரு குழி தோண்டி, சமைத்த உணவையும் கோக்கா இலையையும் புளித்த சோளப் பானமாகிய சீச்சாவையும் அவளுக்கு முதலில் ஊட்டிவிட்டுத்தான் தாங்கள் உண்ணுகிறார்கள். உப்பும் அவர்களுக்கு உயிருள்ள ஒரு பொருள். அதற்குப் பிறப்பும் வளர்ப்பும் அறுவடையும் உண்டு. பயிரை விதைத்து வளர்ப்பதுபோலவே உப்பையும் தாங்கள் வளர்ப்பதாகச் சொல்லுகிறார்கள்.

நிலத்தின் அடியில் இருப்பது

இப்பொழுது வழக்கின் மூலத்துக்கு வருவோம். உப்புத் தரையின் அடியில் ஊறிநிற்கும் நீரில் சாதாரண உப்போடு லித்தியம் என்ற உலோகமும் கலந்திருக்கிறது. உலோகங்களிலெல்லாம் மிக இலேசானது அது. கைக்கு அடக்கமான டெலிபோன் முதல் மின்சார மோட்டார் வண்டி வரையில், திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றும் பாட்டரிகளுக்கு அதுவே ஜீவாதாரம். அந்தப் பாட்டரியை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பெட்ரோல் புகையினால் பூமி சூடேறி வருகிறது என்பதும், அப்புகையை நிறுத்தியே ஆகவேண்டும் என்பதும் உண்மை. ஆகவே லித்தியத்துக்கு உலகத்தில் பெருந்தாகம் உண்டாயிருக்கிறது. அறியப்பட்ட லித்திய வளத்தில் ஏறத்தாழப் பாதி, அர்ஜென்டினா, பொலீவியா, சிலி என்ற மூன்று தேசங்களின் உப்பு நிலங்களில் இருக்கிறது. வியாபாரிகள் அதை ‘வெள்ளைப் பொன்’ என்கிறார்கள்.

அதை எடுக்கும் வழக்கமான முறை இது. ஆழ்துளையிட்டு உப்புநீரை மேலே இறைத்து, விசாலமான குளங்களில் தேக்குகிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வெயில் அதைக் காய்ச்சுகிறது. எஞ்சிய குழம்பிலிருந்து மருந்துப் பொருள்களின் உதவியால் லித்தியம் கார்பனேட் என்ற வெள்ளைத் தூளைப் பிரிக்கிறார்கள். ஒரு டன் தூள் கிடைப்பதற்குச் சில லட்சம் லிட்டர் உப்புநீரை இறைக்க வேண்டும். அதில் பெரும்பகுதி ஆவியாகி வானத்துக்குப் போய்விடும். இதைத் தவிர ஆலைக்கு நல்ல தண்ணீரும் வேண்டும்.

“உப்புநீர் யாருக்கு உபயோகம்? அதைக் குடிக்க முடியுமா, பயிருக்குப் பாய்ச்ச முடியுமா? இறைத்தால் யாருக்கு நஷ்டம்?” என்று கம்பெனிகளின் சார்பில் கேட்கப்படுகிறது. கேள்வி நியாயம்போலத்தான் தோன்றும். ஆனால் பள்ளத்தின் நடுவிலே கனத்த உப்புநீர் நிற்க, ஓரங்களில் மலையிலிருந்து வரும் இலேசான நன்னீர் அதன்மேல் சார்ந்து நிற்கிறது. இரண்டும் ஒரே பாத்திரத்தில் உள்ளவை. நடுவில் இறைத்து மட்டம் தாழ்ந்தால், ஓரத்து நன்னீர் உள்ளே சரியும். ஓரத்தில்தானே கிணறுகளும், சுனைகளும், லாமாவும் ஆடும் மேயும் ஈரப் புல்வெளிகளும் இருக்கின்றன! எந்த அளவு, எத்தனை ஆண்டில் தாழும் என்பதைப்பற்றி நிபுணர்களுக்குள் வாதம் இருக்கிறது. இறைத்த நீரிலிருந்து லித்தியத்தை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப உள்ளே செலுத்தும் புதிய முறைகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஆயினும் வாதம் முடிவதற்குள் சுனை வற்றிப்போனால் அதை மறுபடி ஊறவைக்கும் வித்தை யாருக்கும் தெரியாது.

முப்பத்து மூன்று கிராமங்கள்

சலினாஸ் கிராந்தெஸும் அதன் வடக்கேயுள்ள குவாயாதாயோக் ஏரியும் ஒரே நீர்ப்பள்ளத்தைச் சேர்ந்தவை. கம்பெனிகளின் ஆட்கள் துளையிட வந்தபோது, அப்பள்ளத்திலுள்ள 33 ஆதிக்குடிச் சமூகங்கள் 2010-ஆம் ஆண்டில் ஒன்றுகூடின. தங்களைக் கலந்துகொள்ளாமல் அனுமதி கொடுக்கப்படுகிறது என்று தேசத்தின் உச்ச நீதி ஸ்தலத்தில் அதே ஆண்டு வழக்குத் தொடுத்தன. 1994-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட அர்ஜென்டினாவின் அரசியல் சாசனம், தேசம் பிறப்பதற்கு முன்னமே ஆதிக்குடிகள் இருந்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறது. அவர்களைப் பாதிக்கும் காரியங்களில் அவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று விதிக்கும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 169-ஆம் உடன்படிக்கையையும் அத்தேசம் 2000-த்தில் ஏற்றிருக்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது! நீதிபதிகள் 2012-ஆம் ஆண்டில் கிராமத்தாரின் வாதத்தைக் கேட்டார்கள். பிறகு வழக்கின் சாரத்துக்குள் செல்லாமலே அதைத் தள்ளிவிட்டார்கள். கிராமத்தார் அமெரிக்கக் கண்டத்தின் மனித உரிமைக் கமிஷனிடம் முறையிட்டார்கள்.

அதோடு வேறொரு காரியமும் செய்தார்கள். “எங்களைக் கலந்தாலோசிப்பது எவ்விதம் என்று சர்க்காருக்குத் தெரியாவிட்டால் நாங்களே எழுதித் தருகிறோம்” என்பதுபோல், கூட்டம் கூட்டமாய் உட்கார்ந்து பேசி, 2015-ஆம் ஆண்டில் ஒரு நடைமுறை நூலை இயற்றி வெளியிட்டார்கள். அதற்குக் கெச்சுவா பாஷையில் ‘கச்சி யூப்பி’ என்று பெயரிட்டார்கள். ‘உப்பின் சுவடுகள்’ என்பது பொருள். உப்பு எப்படிப் பிறந்து எப்படி அறுவடையாகிறது என்பதை முதலில் விளக்கி, அதே கிரமத்தில் ஒரு சமூகத்தைக் கலந்தாலோசிக்க வேண்டிய படிகளையும் அந்நூல் கூறுகிறது. காரியம் தொடங்குமுன் கேட்க வேண்டும். முழுச் செய்தியையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். அவர்கள் தங்களுக்குள் கூடி முடிவு செய்ய அவகாசம் தர வேண்டும். முடிவு ‘வேண்டாம்’ என்றிருந்தால் அதையும் மதிக்க வேண்டும்.

இந்நூல் வெளியான பிறகும் துளையிடும் யந்திரங்கள் வராமல் இல்லை. 2019 பிப்ரவரியில் அவை வந்தபோது கிராமத்தார் 52-ஆம் எண் சாலையில் அமர்ந்து வழிமறித்தார்கள். நாம் ஏறிவந்த அதே சாலைதான். ‘லித்தியம் வேண்டாம், தண்ணீரும் உயிரும் வேண்டும்’ என்று கருத்துப்படும் எழுத்துக்களை அங்கே பலகைகளிலும் சுவர்களிலும் காணலாம்.

சமாதானப் படையெடுப்பு

2023 ஜூன் மாதத்தில் பெருங்கலகம் மூண்டது. ஹுஹுய் மாகாணத்தின் கவர்னர் ஹெரார்தோ மொராலெஸ், மாகாண அரசியல் சாசனத்தைச் சில வாரங்களுக்குள் அவசர அவசரமாகத் திருத்த முற்பட்டார். சாலை மறியலைத் தடைசெய்யும் விதிகளும், நிலத்திலிருந்து ஜனங்களை விரைவில் வெளியேற்ற உதவும் விதிகளும் அதில் இருந்தன. சம்பளத்துக்காகப் போராடிவந்த உபாத்தியாயர்களும் மலைக்கிராமத்தாரும் ஒன்றுசேர்ந்தார்கள். புர்மாமார்க்காச் சாலைச் சந்திப்பில் போலீஸார் ரப்பர்க் குண்டுகளைச் சுட்டனர், கண்ணிழந்தவர்களும் உண்டு. கவர்னர் இரண்டு விதிகளை வாபஸ் வாங்கிக்கொண்டார். மற்றவற்றோடு ஜூன் 20-ஆம் தேதி புதிய சாசனம் நிறைவேறியது.

அதன்மேல் கிராமத்தார் தலைநகரை நோக்கிப் புறப்பட்டார்கள். ஏழு நிறக் கட்டங்கள் கொண்ட விபாலாக் கொடியை ஏந்தி, வழியெங்கும் ஊர்களில் நின்று பேசி, ஆகஸ்டு முதல் தேதி - பச்சமாமாவின் நாளன்று - போனஸ் அயர்ஸை அடைந்தார்கள். நீதி ஸ்தலத்தின் எதிரே கூடாரமடித்து மாதக்கணக்கில் தங்கினார்கள். அந்த யாத்திரைக்கு ‘சமாதானப் படையெடுப்பு’ என்று பெயர். பெயர் புதிதன்று. 1946-ஆம் ஆண்டில், தங்கள் நிலத்தைத் தங்களுக்கே மீட்டுத் தரவேண்டும் என்று 170-க்கு மேற்பட்ட கொல்யா மக்கள் இதே பெயரோடு, ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு மேல் நடந்து தலைநகரை அடைந்தார்கள். ஜனாதிபதி பெரோன் முதலில் அவர்களை ஆரவாரத்தோடு வரவேற்றார். அம்மாத முடிவில் போலீஸார் அவர்களைப் பலவந்தமாக ரயிலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். பாட்டன்மார் நடந்த வழியிலே பேரப்பிள்ளைகள் மறுபடி போகவேண்டி வந்தது. பாட்டன்மார் நிலத்தைக் கேட்டார்கள். பேரப்பிள்ளைகள் நிலத்தோடு தண்ணீரையும் கேட்கிறார்கள்.

மறுபக்கம்

எல்லோரும் ஒரே மனதாக எதிர்க்கிறார்கள் என்று சொன்னால் அது பூரண உண்மையாகாது. இதே சாலையில் மேலும் மேற்கே போனால், சுஸ்கெஸ் வட்டாரத்தில் ஒலாரோஸ் என்ற உப்பு நிலம் வருகிறது. அங்கே 2015 முதல் லித்தியம் எடுக்கிறார்கள். பக்கத்தில் காவ்சாரி-ஒலாரோஸ் என்ற இரண்டாவது பெரிய ஆலை 2023-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அவ்வட்டாரத்தில் பல கிராமங்கள் சம்மதம் கொடுத்தன. பிள்ளைகள் வேலைதேடி நகரத்துக்கு ஓடாமல் ஊரிலேயே சம்பளம் பெறுகிறார்கள். சலினாஸ் கிராந்தெஸ் பள்ளத்திலுங்கூடச் சில சமூகங்கள் பின்னர்க் கம்பெனிகளோடு உடன்பட்டிருக்கின்றன. வறண்ட மலையில் பிழைப்பு நடத்துபவன் கூலியை விரும்பினால் அவனைக் குறைசொல்ல நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

ஆனால் கணக்கின் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். தெற்கே கதமார்க்கா மாகாணத்தில் ஓம்ப்ரெ முவெர்தோ என்ற உப்பு நிலத்தில் 1997 முதல் லித்தியம் எடுக்கப்படுகிறது. அங்கே திராபிச்செ என்ற சிற்றாற்றின் கரையிலிருந்த புல்வெளி வறண்டு போயிற்று. அடுத்த ஆறான லோஸ் பாத்தோஸுக்கும் அதே கதி நேரக்கூடாது என்று ஆதிக்குடித் தலைவர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2024 மார்ச்சில் அம்மாகாணத்தின் நீதி ஸ்தலம் ஒரு நல்ல உத்தரவைப் பிறப்பித்தது. ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே ஆராய்ந்தது போதாது. எல்லாத் திட்டங்களும் சேர்ந்து ஆற்றுக்கு என்ன செய்யும் என்பதை ஒருசேர ஆராய்ந்து தெரிவிக்கும்வரை புதிய அனுமதிகள் கொடுக்கலாகாது என்பதே அவ்வுத்தரவு. கிராமத்துக் கிழவர்கள் ஆரம்பமுதல் சொல்லி வந்ததும் அதுதான்.

நமக்கு என்ன?

கதமார்க்கா என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜனவரியில், இந்திய சர்க்காருக்குச் சொந்தமான கனிஜ் பிதேஷ் இந்தியா லிமிடெட் என்னும் ஸ்தாபனம் அந்த மாகாணத்தின் சுரங்க ஸ்தாபனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. சுமார் 200 கோடி ரூபாய்த் திட்டத்தில், 15,703 ஹெக்டேர் பரப்புள்ள ஐந்து உப்புநீர்ப் பகுதிகளில் லித்தியத்தைத் தேடி எடுக்கும் உரிமையை நாம் பெற்றிருக்கிறோம். சலினாஸ் கிராந்தெஸிலிருந்து அது வெகுதூரம். எனினும் அதே மலை, அதே வறட்சி, அதே கேள்வி. இதற்கு ஓராண்டு முன்னர், 2023 பிப்ரவரியில், நம் ஜம்மு-காச்மீரப் பிரதேசத்து ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் அளவுக்கு லித்தியத் தாது இருக்கலாம் என்று பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா மதிப்பிட்டது. வாங்குபவராகவும், தோண்டுபவராகவும், தோண்டப்படும் நிலத்தில் குடியிருப்பவராகவும் மூன்று ஸ்தானங்களிலும் நம் தேசத்தார் நிற்கப் போகிறார்கள்.

மின்சார மோட்டார் வண்டி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புகை குறைந்தால் முதலில் பிழைப்பது நம்மைப்போன்ற வெப்பதேசத்து ஏழைகளே. ஆனால் ஒரு காலத்தில் நம் மண்ணிலிருந்து பஞ்சையும் நிலக்கரியையும் பொன்னையும் அந்நியர் ஏற்றிச் சென்றபோது, எங்களைக் கேட்டீர்களா என்று நாம் கேட்டோம். அக்கேள்வியின் பலத்தால் சுதந்திரம் பெற்ற தேசம், இன்னொரு கண்டத்துக்குத் துளையிடும் யந்திரத்தோடு போகும்போது, அங்குள்ளவர்கள் அதே கேள்வியைத் தன்னிடம் கேட்கும்படி வைத்துக்கொள்ளலாமா?

விடை தேடி அலைய வேண்டியதில்லை. உப்பு நில மக்கள் தங்கள் நூலில் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம்முடைய ஸ்தாபனத்தின் எஞ்சினீர்கள் கதமார்க்காவில் முதல் துளையை இடுவதற்கு முன்னால், அங்குள்ள சமூகங்களின் கூட்டத்தில் உட்கார்ந்து முழுக் கணக்கையும் அவர்கள் முன்வைக்கட்டும்: எத்தனை லிட்டர் உப்புநீர், எத்தனை லிட்டர் நன்னீர், எந்த ஆற்றிலிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு என்று. அவர்கள் ஆலோசித்துச் சொல்லும் பதிலைப் பெற்றுக்கொண்டு வரட்டும். பதில் ‘வேண்டாம்’ என்றிருந்தால், அதைக் கேட்டுத் திரும்பிவரும் கண்ணியமும் நம் சர்க்காருக்கு இருக்கட்டும்.